பூங்காவைக் கண்டு வீட்டுத் தோட்டம் அமைப்போம்

உதகைக்கு உல்லாசப் பயணம் சென்று வருவோர் திரும்புகையில் இரண்டொரு பூச்செடிகளை வாங்கி வருதல் வழக்கம். மாப்பிள்ளையூரணி போன்ற கடற்கரை ஊர்களில் அவற்றுட் பல ஒரு கோடையைத் தாண்டுவதில்லை. குளிர் மலைக்குரிய செடியை உவர் நீரும் உப்புக் காற்றும் உள்ள மண்ணில் நட்டால் பணமும் உழைப்பும் வீணாகும். ஆதலின் பொதுப் பூங்காக்களில் எதைக் கண்டு எதைக் கொண்டுவர வேண்டும் என்பதை அறிந்து செல்லுதல் நலம்.

உதகைப் பூங்கா பிறந்த கதை

உதகை அரசினர் தாவரவியல் பூங்காவின் தொடக்கம் ஒரு காய்கறித் தோட்டமே. 1845-ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர், நியாய விலையில் காய்கறி பெறும் பொருட்டு மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி அதை அமைத்தனர். அம்முயற்சி நிலைக்கவில்லை. 1848-இல் இலண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற மக்ஐவர் என்பார் வந்து, பொதுப் பூங்காவாக உருவாக்கினார். பலர் சிறு தொகை சேர்த்துத் தொடங்கும் பணிக்குத் தொழிலறிந்தவரின் துணையும் வேண்டும் என்பதைக் கூட்டுறவாளர் இதனின்று உணரலாம்.

கடல் மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கு மேல் உள்ள அப்பூங்காவின் செடிகள் நமக்கு ஆகா. சரிவைப் படிப்படியாக வெட்டி மண்ணையும் நீரையும் காக்கும் முறை நமக்கு ஆகும்.

அருகிலுள்ளவற்றை முதலிற் காண்க

நம்முடைய வெயிலையும் காற்றையும் தாங்கி நிற்பவை தூத்துக்குடி நகரப் பூங்காக்களின் மரங்களே. ராஜாஜி பூங்காவையும் ரோச் பூங்காவையும் சித்திரை, வைகாசியில் ஒருமுறை சுற்றி வருக. அக்கோடையிலும் பசுமையாயிருப்பது எதுவோ அதுவே நம் வீட்டுக்கும் ஏற்றது. வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் 1984 முதல் வேளாண்மைக் கல்லூரி நடைபெறுகிறது. மண்ணையும் கிணற்று நீரையும் பற்றிய ஐயங்களை அங்குக் கேட்டறியலாம். சென்னை செல்வோர் 2010-இல் திறக்கப்பெற்ற செம்மொழிப் பூங்காவையும் காணலாம். அதுவும் கடற்கரை நகரத்துப் பூங்காவே.

குறித்துக்கொள்ள வேண்டியவை

ஒரு குறிப்பேடு கொண்டு செல்க. பெயர்ப் பலகையைப் படித்துப் பெயரை எழுதுக. செடி வெயிலில் நிற்கிறதா, மர நிழலிலா என்று பார்க்க. இலை நுனி கருகியிருந்தால் நீரில் உப்பு மிகுதியோ என ஐயுறுக. எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் விடுகிறார் என்று தோட்டக்காரரைக் கேட்க. பூவின் அழகைக் காட்டிலும் இவ்விடையே பயன் தரும்.

வீட்டில் செய்ய வேண்டியது

காற்று வரும் பக்கம் பூவரசும் வேம்பும் வேலியாகட்டும். அவற்றின் மறைவில் தென்னை, சப்போட்டா, முருங்கை நிற்கட்டும். வாயிலில் அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி போதும். அரிசி கழுவிய நீரை வீணாக்காமற் பாத்திக்குத் திருப்புக. காய்ந்த சருகை வேரடியில் பரப்பினால் ஈரம் நிற்கும். நெசவாளர் இல்லங்களில் சாயவேரையும் நட்டுப் பார்க்கலாம். மணற்பாங்கான கரையில் வளரும் இச்செடியின் வேரே முன்னாளில் நூலுக்குச் செந்நிறம் தந்தது.

ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையே நமக்கு நடவுக்காலம். அதற்கு முன்னரே பத்துக் குடும்பத்தார் சேர்ந்து ஒரு வண்டி அமர்த்திப் பூங்காக்களைக் கண்டு வந்தால் செலவும் குறையும். நாற்றுகளைப் பகிர்ந்துகொள்ளவும் இயலும்.