கடல் தரும் கரண்ட் – 6: திரி எது, எண்ணெய் எது?

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் பள்ளிக்கரணை வந்ததும் சதுப்பு நிலத்தைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அதே சாலையில்தான் இருக்கிறது, 1993-இல் தொடங்கப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம். உப்பு நீரில் எரியும் ‘ரோஷ்னி’ விளக்கு இங்கே பிறந்ததுதான். 2022 ஆகஸ்ட் 13 அன்று, ‘சாகர் அன்வேஷிகா’ ஆய்வுக் கப்பலில் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் அதை அறிமுகம் செய்தார். மீனவக் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்தது. கடல் தண்ணீர் கைக்கு எட்டாத ஊரில் குழாய்த் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினாலும் போதும், எல்.இ.டி. எரியும்.

அப்படியானால் கடல் நீரே கரண்ட் ஆகிவிடுகிறதா? இந்த வகை விளக்கின் உள்ளே பொதுவாக இரண்டு தகடுகள் இருக்கும். ஒன்று மெக்னீசியம் அல்லது அலுமினியம். மற்றொன்று காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும் கார்பன். உப்பு நீர் ஊற்றியதும் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எலெக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடும். சில நாள் கழித்துத் திறந்து பாருங்கள்: அடியில் சுண்ணாம்புபோல வெள்ளைக் கசடு, மேலே மெலிந்துபோன தகடு. அகல் விளக்கோடு ஒப்பிட்டால் உப்பு நீர் திரி. எண்ணெய் அந்தத் தகடு. தண்ணீர் இலவசம், தகடு கடையில்தான் கிடைக்கும்.

கடலையே எண்ணெயாக்கும் வழியும் உண்டு. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு 28, 29 டிகிரியில் இருக்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீர் சில்லென்று இருக்கும். மேல்நீரின் சூட்டில் அம்மோனியா ஆவியாகி டர்பைனைச் சுழற்றும். ஆழத்து நீர் அதைக் குளிர்வித்து மறுபடி திரவமாக்கும். 2000-களின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு அப்பால் ‘சாகர் சக்தி’ என்ற மிதவையில் 1 மெகாவாட் நிலையம் அமைக்க இதே கழகம் முயன்றது. ஆழத்து நீரை உறிஞ்சும் நீண்ட குழாயைக் கடலில் இறக்குவதிலேயே திட்டம் முறிந்தது.

அந்த அனுபவம் வீண்போகவில்லை. அதே வெப்பநிலை வித்தியாசத்தைக் கொண்டு 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில் தினமும் 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் ஆலையைக் கழகம் நிறுவியது. வெதுவெதுப்பான மேல்நீர் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீர் அந்த ஆவியைத் தண்ணீராக்கும். ஆனால் பம்புகளை ஓட்ட டீசல் மின்சாரம் வேண்டும். டீசலோ கப்பலில் வரவேண்டும். அந்தத் தேவையையும் கடலின் சூட்டிலிருந்தே ஈடுகட்டத்தான் 65 கிலோவாட் திட்டம் அங்கே வகுக்கப்பட்டது.

ஆகவே, ‘கடல் நீரில் எரியும் விளக்கு’ என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மாற்றுத் தகடு என்ன விலை, எங்கே கிடைக்கும்? புயலில் கரண்ட் போன குப்பத்துக்கு அந்த விளக்கு பெரிய துணை. கடலின் சூட்டிலிருந்தே ஆண்டு முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால் ஆழ்கடலுக்குக் குழாய் இறக்கித்தான் ஆகவேண்டும்.

(தொடரும்)