துட்டுக்கு எதற்கு அந்தக் கடைசி ‘உ’?

“துஷ்டன்தான் துட்டன் ஆனான், பணம் மனிதனைத் துட்டனாக்குவதால் அதற்குத் ‘துட்டு’ என்று பேர் வந்ததாக வாட்ஸ்அப்பில் ஓடுகிறதே, உண்மையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அழகான கதை. அழகாக இருப்பதால்தான் சந்தேகம் வருகிறது. ஒரு சொல் பிறந்த கதை கூடவே நீதியும் போதித்தால், அதை யாரோ பிற்பாடு உட்கார்ந்து கட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

மொழியியலாளர்கள் கைகாட்டுவது டச்சுக்காரர்களின் செப்புக்காசை. ‘டௌட்’ என்பதற்குக் கிட்டத்தட்ட ஒலிக்கும் பெயர் அதற்கு. மகா சின்னக் காசு; 160 சேர்ந்தால்தான் ஒரு கில்டர். இந்தோனேசியர்களும் இதே சொல்லை வாங்கி, ‘டுயிட்’ என்று இன்றும் பேச்சுவழக்கில் பணத்தைக் குறிக்கிறார்கள்.

வரலாற்றைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 1602-ல் உருவான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. 1781-ல் அதை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தது. நடுவில் இரண்டு ஊர்களிலும் காசு அடித்தது. துணி வாங்க வந்தவர்கள் சில்லறையை விட்டுவிட்டுப் போனார்கள். இவ்வளவு போதும்.

அந்த டச்சுச் சொல் தமிழ் வாய்க்குள் நுழைந்தபோது அதற்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்குச் சுவையான இடம். டச்சில் அது ‘ட்’ என்று வெடுக்கென நின்றுவிடும். தமிழ்ச் சொல் ‘ல்’லில் முடியும், ‘ம்’மில் முடியும், ‘ர்’ரில் முடியும், க், ச், ட், த், ப், ற் என்ற ஆறு வல்லினத்தில் மட்டும் முடியாது. ஆகவே கடைசியில் ஓர் உகரத்தை முட்டுக் கொடுக்கிறோம். ஆனால் சும்மா சேர்த்தால் ‘துடு’ என்றாகிவிடும். இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக அகப்பட்ட வல்லினத்தை நாம் மெலிதாக அதிர்த்துத்தான் சொல்வோம்: பாடு, ஓடு. ஒலி அதிராமல் கெட்டியாகவே நிற்க வேண்டுமென்றால் எழுத்தை இரட்டிக்க வேண்டும்: பாட்டு, ஓட்டு. துட்டு என்று ஆனது இப்படித்தான்.

முதலெழுத்துக்கும் சோதனை உண்டு. பழைய இலக்கணப்படி எந்தத் தமிழ்ச் சொல்லும் டகரத்தில் தொடங்காது. டாக்டரும் டிக்கெட்டும் வந்து அந்தக் கதவை உடைத்தது பிற்பாடு. அதனால் அண்டை வீட்டுத் தகரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது கண்ணாடி முன்னால் நின்று ‘துட்டு’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ‘து’வில் உதடு குவியும். கடைசி ‘டு’வில் குவியாது. எழுத்தில் இரண்டும் உகரம். வாயில் இரண்டும் வேறு. இந்தக் கடைசி உகரத்தைத்தான் தொல்காப்பியக் காலத்திலேயே குற்றியலுகரம் என்று தனியாகப் பிரித்து, அதன் ஒரு மாத்திரையில் பாதியைக் கழித்துவிட்டார்கள். ‘எங்கே’ வந்து சேரட்டும், ‘துட்டெங்கே’ ஆகிவிடும்; உகரம் இருந்த இடமே தெரியாது. பள்ளியில் ‘வன்தொடர்க் குற்றியலுகரம்’ என்று உருப்போட்டோமே, அதற்குப் பட்டு, பாட்டு வரிசையில் துட்டும் அசல் உதாரணம். ஆம்ஸ்டர்டாம் காசுக்குத் தொல்காப்பியர் விதி!

சொல் கடன் என்பது வீட்டோடு மாப்பிள்ளை எடுக்கிற மாதிரி. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், அது முதலெழுத்து. பேண்ட்டை மாற்றி வேட்டி கட்ட வேண்டும். அது கடைசி உகரம். வேட்டி அவிழாமலிருக்க இறுக்கி ஒரு முடிச்சு. அது இரட்டித்த டகரம். மாமனார் வந்தால் எழுந்து ஓரமாக நிற்க வேண்டும். ‘எங்கே’க்கு முன் உகரம் மறைவது அதுதான். மூன்றாம் தலைமுறையில் அவரே பங்காளியாகி வரப்புத் தகராறுக்கு வந்து நிற்பார். இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

எல்லோருக்கும் வேட்டி தேவைப்படுவதில்லை. இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பார்களே, அதுவும் டச்சுதான். ஆனால் அது ரகர மெய்யில் முடிகிறது. தமிழில் அதற்குத் தடையில்லை. எனவே உகரம் ஒட்டவில்லை. விதியின் வேலை இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. அந்த விதி இன்றும் ஓய்வு பெறவில்லை. ‘அவனுக்கு நட்டு கழன்றுபோச்சு’ என்கிறோம், பரீட்சையில் ‘பிட்டு’ அடிக்கிறார்கள், ஏமாந்தவன் ‘பல்பு’ வாங்குகிறான். நட்டும் பிட்டும் வன்தொடர், பல்பு இடைத்தொடர். இளைஞர்கள் தமிழைக் கெடுக்கிறார்கள் என்று புலம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஆனால் ஒலி பொருந்துவதாலேயே வழக்கு ஜெயித்துவிடாது. துஷ்டன் துட்டன் ஆனதும் முறையான மாற்றம்தான். அந்த அளவில் வாட்ஸ்அப் கதைக்கும் ஒரு மதிப்பெண் தரலாம். அது தோற்பது பொருளில். துட்டு முதலில் பொதுவான பணமல்ல, குறிப்பிட்ட ஒரு சில்லறைக் காசு. பிறகுதான், ‘காசு’ என்ற சொல்லே விரிந்ததுபோல, பணம் முழுவதற்கும் விரிந்தது. பாவபுண்ணியத்துக்கு இதில் வேலையே இல்லை.

எதிர்த்திசையிலும் இதே அவசரம் உண்டு. ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் காசுதான் என்று மார்தட்டுகிறோம். பாதி சரி. கீழைநாட்டுச் சிறு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்திருந்த ‘கேஷ்’ என்ற பெயர், போர்த்துக்கீசியர் வழியாகப் போன நம் காசு. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்த வேறு ஆள். ஒரே சட்டை, இரண்டு பேர்.

இந்த மாதிரி விஷயங்களில் தீர்ப்புச் சொல்வது பழைய காகிதம்தான். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துக் கணக்கேடோ அடகுச் சீட்டோ கிடந்து, அதில் ‘துட்டு’ என்று எழுதியிருந்தால் ஆண்டைக் குறித்து, படம் எடுத்து அனுப்புங்கள். ஃபார்வர்டுகள் வேண்டாம்.