கம்பிக்குள் ஒரு கரகரப்பு

இங்கே தானேயில், நம் சங்க அன்பர் ஒருவரின் மகன் சென்ற மாதம் ஆன்லைன் தேர்வு எழுதும்போது இன்டர்நெட் பாதியில் அறுந்துவிட்டது. வீட்டு மின்கம்பி வழியாகவே இன்டர்நெட்டை உள்ளறைக்குக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் வைத்திருந்தார். "டூப்ளிகேட் மாலாக இருக்குமோ, சார்?" என்று என்னை அழைத்தார். எலக்ட்ரிகல் ஆசாமி ஆயிற்றே நான்!

அடாப்டர் மேல் குற்றமில்லை. அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் இருந்த மலிவு செல்போன் சார்ஜரைப் பிடுங்கியதும் லைன் சீராகிவிட்டது.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் அதன்மேல் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மெல்லிய அலைகளை ஏற்றி அனுப்புகிறது. சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, சோலார் இன்வர்ட்டர் இவற்றுக்குள் டிரான்சிஸ்டர் ஒன்று மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் தெறிக்கும் சிதறல் மெகாஹெர்ட்ஸ் வரை நீண்டு கம்பிக்கே திரும்புகிறது. தவில் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசுகிற கதைதான்.

நல்ல சார்ஜரில் இதைத் தடுக்கச் சுருளும் கெபாசிட்டரும் கொண்ட ஃபில்டர் உண்டு. விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது அதில்தான். சந்தேகமிருந்தால் மீடியம் வேவ் ரேடியோவைச் சார்ஜர் அருகே வையுங்கள், கரகரக்கும். அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். ஃபில்டர் உள்ள ஸ்பைக் பஸ்டர் அதன் அலையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அன்பர் பள்ளியில் கெஞ்சி மறுதேர்வு வாங்கினார். அன்று வீட்டுச் சார்ஜர்கள் எல்லாம் மேஜை டிராயருக்குள்!