எள்ளளவு திருகாணிக்கு எந்தத் திருப்புளி?

உங்களில் கண்ணாடி போட்டிருப்பவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்! உங்களுக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இருக்கும். அதை வாங்கி, காதில் மாட்டும் கையை மெல்ல ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடுகிறதா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான்.

2006ஆம் ஆண்டு. கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். அப்போது கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019இல்தான் தனி மாவட்டம் ஆனது. என் ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி. கண் பரிசோதனை முகாமில் அவளுக்குக் கிட்டப்பார்வை என்று கண்டுபிடித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது தெரியும். தூரத்தில் இருக்கும் கரும்பலகை மங்கலாகத் தெரியும். கண்ணாடி போட்ட அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை வெளிச்சம்.

இரண்டு மாதம் போனது. அவள் கண்ணாடி போடுவதை விட்டுவிட்டாள். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"குனிஞ்சா விழுந்துடுது சார். உடைஞ்சிடும்னு அம்மா டிரங்குப் பெட்டில வெச்சிட்டாங்க."

மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு கையின் திருகாணி மட்டும் தளர்ந்திருந்தது. இவ்வளவுதானா என்று அலட்சியமாகப் பேனாக்கத்தியை எடுத்தேன். கத்தி முனையைத் திருகாணியின் தலையில் வைத்துத் திருகினேன். வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். 'சரக்' என்று ஒரு சத்தம். தலையில் இருந்த வெட்டு மழுங்கி, பளபளவென்று வழித்துவிட்டது போல ஆகிவிட்டது! தளர்ந்திருந்ததை நான் கெடுத்தே விட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மலையிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போய்வர ஒரு நாள் ஆகிவிடும். கூலி வேலை செய்யும் அவள் அப்பா போனால் ஒரு நாள் கூலி போச்சு. கெடுத்தவன் நான்தானே! சனிக்கிழமை நானே எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்கிப் பார்த்தார்.

"கத்தி வெச்சித் திருகினீங்களா வாத்தியாரே?"

பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார்!

அன்று அவர் சொல்லித் தந்ததைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கதவுக்குக் கீல் இருப்பதுபோலக் கண்ணாடியின் கைக்கும் கீல் உண்டு. ஒன்றோடொன்று கோத்த சின்னஞ்சிறு வளையங்கள் வழியாகத் திருகாணி இறங்கி நிற்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஒரு நாளில் ஐந்து முறை கண்ணாடியைக் கழற்றி மடக்கினால், ஆண்டுக்கு 1,800 தடவைக்கு மேல் அந்தக் கீல் அசைகிறது. தளராமல் என்ன செய்யும்? ஒரே கையால் இழுத்துக் கழற்றுகிறவர்களுக்குச் சீக்கிரமே தளரும். இரண்டு கையாலும் கழற்றுங்கள்.

இத்தாலியில் 1280களில் கண்ணாடி வந்தபோது அதற்குக் கையே கிடையாது. மூக்கின் மேல் இடுக்கிக்கொள்ள வேண்டும், அல்லது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். 1730ஐ ஒட்டி எட்வர்டு ஸ்கார்லெட் என்ற லண்டன் கண்ணாடிக்காரர்தான் பக்கத்துக்கு ஒரு கை வைத்து விற்றார். நாநூறு வருஷத்துக்கு மேல் மூக்கு பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்!

சரி, கத்தி ஏன் உதவாது? கத்தி முனை ஆப்பு போல இருக்கும். வெட்டின் மேல் விளிம்பில் மட்டும்தான் அது படும், அடிவரை இறங்காது. அதனால் திருகும்போது விளிம்பைச் சீவிவிடுகிறது. திருப்புளியின் (ஸ்க்ரூ டிரைவரைத்தான் சொல்கிறேன்) முனை தட்டையாக, வெட்டுக்குள் முழுதாக உட்கார வேண்டும். அகலமும் பொருந்த வேண்டும். ஒல்லியாக இருந்தால் வழுக்கும். திருகாணியின் தலையைவிட அகலமாக இருந்தால் சுற்றியுள்ள பிரேமைக் கீறும். நம் கள்ளக்குறிச்சி மரச் சிற்பிகளைப் பார்த்திருக்கிறீர்களா? 2021இல் அவர்கள் கைவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அகல உளி, குறுகிய உளி என்று எதிரே பரப்பி வைத்திருப்பார்கள். சாமி சிலையின் கண்ணைத் திறக்க அகல உளியை எடுப்பார்களா?

வீட்டில் தையல் மிஷினோடு வந்த திருப்புளி இருக்கும். அது பெரும்பாலும் இதற்குப் பெரிது. இரும்புக் கடையிலும் கைப்பேசி பழுது பார்க்கும் இடத்திலும் ஒரு சின்னப் பெட்டியில் ஐந்தாறு குட்டித் திருப்புளிகள் கிடைக்கும். காம்பில் 1.4, 2.0 என்று எண் போட்டிருக்கும். அது முனையின் அகலம், மில்லிமீட்டரில். கண்ணாடிக்கு அநேகமாக இந்த இரண்டில் ஒன்று பொருந்திவிடும். கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். திருகாணித் தலையில் ஒரே கோடா, கூட்டல் குறியா என்பதையும் பாருங்கள். கைப்பேசிக்கென்றே நட்சத்திர முனை உள்ள திருப்புளியும் உண்டு. அது நமக்கு வேண்டாம்.

இப்போது வேலைக்கு வருவோம். அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு, தம்பி தங்கை எட்டாத இடத்தில் உட்காருங்கள். ஒரு தட்டில் வெள்ளைத் துண்டை விரியுங்கள்; திருகாணி விழுந்தாலும் ஓடாது. கண்ணாடியைத் துண்டின் மேல் வைத்து, கீலை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். திருப்புளியின் உச்சியில் தனியாகச் சுழலும் மூடி இருக்கும். அதன் மேல் ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல அழுத்துங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் காம்பைத் திருகட்டும். முனை கண்ணாடி வில்லையின் பக்கம் பார்க்கக் கூடாது, உங்கள் விரலையும் பார்க்கக் கூடாது. கடிகார முள் சுற்றும் பக்கம் திருகினால் இறுகும். கையைப் பாதி மடக்கினால் விழாமல் அப்படியே நிற்கிறதா? போதும், நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் பிரேம் விரியும், மரையும் தேயும்.

திருகாணி கீழே விழுந்துவிட்டதா? யாரும் நடக்காதீர்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். எள்ளளவு திருகாணிக்கும் நீளமாக நிழல் விழும், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கிடைக்கவே இல்லையென்றால், கடைக்குப் போகும்வரை தென்னந்துடைப்பத்தின் புது ஈர்க்கு நுனியை வளையங்கள் வழியாக இறுக நுழைத்து, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிடுங்கள். ஊசிநூலைப் பலமுறை விட்டுக் கட்டினாலும் சரிதான். ஊக்கு மட்டும் வேண்டாம். திறந்துகொண்டால் கண்ணுக்குப் பக்கத்தில் முள் வைத்த மாதிரி! உடனே ஒட்டும் பசையும் கூடாது. கீல் அசையாமல் போய்விடும், அதன் ஆவி வில்லையில் வெள்ளையாகப் படியும்.

வில்லை விரிசல் விட்டாலோ, பிரேம் உடைந்தாலோ, திருகாணித் தலை மழுங்கிவிட்டாலோ (என்னைப் போல!) கடைக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் பெரியவர் மழுங்கிய திருகாணியை எப்படியோ எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார். இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார். கையோடு ஒரு திருப்புளிப் பெட்டியும் வாங்கிப் பள்ளி அலமாரியில் வைத்தேன். திங்கட்கிழமை முதல் அவள் பக்கத்து நோட்டைப் பார்க்கவில்லை. சில நாளில் திருகக் கற்றுக்கொண்டு, தலைமை ஆசிரியரின் கண்ணாடியையே சரி செய்தாள்.

அந்தப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஆறில் ஐந்துதான் உண்டு. அவள் ஆறாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளிக்குப் போகும்போது, "சார், அந்த 1.4 எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். அடுத்த வாரமே என் கண்ணாடி தளர்ந்துவிட்டது. திரும்பவும் அந்தப் பெரியவரிடம்தான் போய் நின்றேன்.