ஹெட் கேஸ்கெட் (பிஎம்சி ஏ வரிசை எஞ்சின்)

ஹெட் கேஸ்கெட் அல்லது உருளைத்தலை அடைப்புத்தகடு என்பது உள் எரி பொறியொன்றின் உருளைகள் அமைந்துள்ள பிளாக் பகுதிக்கும், அதன் மேல் மூடியாக அமையும் ஹெட் பகுதிக்கும் இடையே வைத்து இறுக்கப்படும் மெல்லிய தகடு ஆகும். எரியறையின் உயர் அமுக்க வளிமம், குளிர்நீர், எஞ்சின் எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமலும் வெளியே கசியாமலும் தடுப்பது இதன் பணியாகும். பழைய தானுந்துகளில் அடிக்கடி மாற்ற நேரும் உறுப்புகளுள் இதுவும் ஒன்று. இக்கட்டுரை, பிரித்தானியாவின் பிஎம்சி ஏ வரிசை எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகட்டைத் தெரிவு செய்வதையும் பொருத்துவதையும் விளக்குகின்றது.

எஞ்சினின் பின்னணி

ஏ வரிசை எஞ்சின் 1951 ஆம் ஆண்டில் ஆஸ்டின் ஏ30 தானுந்துடன் அறிமுகமானது. அப்போது அதன் கொள்ளளவு 803 கன செமீ ஆகும். பின்னர் 848, 948, 998, 1098, 1275 கன செமீ எனப் பல அளவுகளில் உருவாக்கப்பட்டு, மொரிஸ் மைனர், மினி, ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் போன்ற பல தானுந்துகளில் பயன்பட்டது. மினியின் உற்பத்தி 2000 ஆம் ஆண்டில் நின்றபோது இவ்வெஞ்சினின் காலமும் முடிவுக்கு வந்தது. இலங்கையில் மொரிஸ் மைனர் நெடுங்காலம் பரவலாக ஓடிய வண்டி என்பதால், அங்குள்ள பட்டறைகளுக்கும் இவ்வெஞ்சின் நன்கு அறிமுகமானதே.

இதன் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. பெரும்பாலான வகைகளில் ஒன்பது ஸ்டட்டுகள் ஹெட்டைப் பிளாக்குடன் பிணைக்கின்றன. நான்கு உருளைகளுக்கும் மூன்று புகைபோக்கு வழிகளே உள்ளன. நடுவில் அமைந்த வழியை 2 ஆம், 3 ஆம் உருளைகள் பகிர்ந்துகொள்கின்றன. இதனால் ஹெட்டின் நடுப்பகுதி மிகுதியாகச் சூடாகின்றது. அவ்விரு உருளைகளுக்கும் இடையே தகட்டின் குறுகிய பாலம் போன்ற பகுதி எரிந்து போவது இவ்வெஞ்சினில் அறியப்பட்ட குறைபாடாகும்.

பழுதின் அறிகுறிகள்

தகடு எவ்விடத்தில் பழுதடைகின்றது என்பதைப் பொறுத்து அறிகுறிகள் வேறுபடும்.

• இரு உருளைகளுக்கு இடையே: எஞ்சின் வலுவிழந்து தடுமாறும். அமுக்கச் சோதனையில் அடுத்தடுத்த இரு உருளைகளின் அளவு ஒன்றாகக் குறைந்திருக்கும்.
• உருளைக்கும் நீர்வழிக்கும் இடையே: ரேடியேட்டரில் குமிழிகள் எழும், நீர் வெளியே தள்ளப்படும், புகைபோக்கியில் வெண்ணிற ஆவி தொடர்ந்து வரும். எரி வளிமம் நீரில் கலந்துள்ளதா என்பதைக் காட்டும் நீல நிறச் சோதனைக் கரைசல் மஞ்சளாக மாறும்.
• நீர்வழிக்கும் எண்ணெய்வழிக்கும் இடையே: எண்ணெய் பால் கலந்த தேநீர் போல நிறம் மாறும். இந்நிலையில் எஞ்சினை ஓட்டினால் கிராங்க் தண்டின் பேரிங்குகள் விரைவில் அழியும்.

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் படியும் சிறிதளவு வெண்மையான பசை, குளிர்காலத்தில் குறுந்தூரம் ஓடிய வண்டிகளிலும் காணப்படும். அது ஒன்றைக் கொண்டே தகடு பழுதென முடிவு செய்தல் கூடாது.

பழுதுக்கான காரணங்கள்

தகடு பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. அடைபட்ட ரேடியேட்டர், பிளாக்கின் பின்புற நீரறையில் படிந்த துரு, இயங்காத தெர்மோஸ்டாட், அளவுக்கு மீறி முன்தள்ளப்பட்ட தீமூட்டல் நேரம், தளர்ந்த நட்டுகள் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக அமையும். ஹெட் ஒருமுறை கடுஞ்சூடேறினால் அதன் தளம் வளையக்கூடும். காரணத்தைக் களையாமலும் தளத்தைச் சரிபார்க்காமலும் புதிய தகட்டை மட்டும் பொருத்தினால், அதுவும் விரைவில் எரிந்துவிடும்.

தகட்டின் வகைகள்

செம்பு-கல்நார்த் தகடு: கல்நாரை நடுவில் வைத்துச் செம்புத் தகட்டால் மூடியது. இவ்வெஞ்சினின் தொடக்க காலத்தில் இதுவே வழக்கிலிருந்தது. பழைய இருப்பிலிருந்து இன்றும் இவை விற்பனைக்கு வருவதுண்டு. கல்நார்த் தூசி நுரையீரல் புற்றுநோய் உள்ளிட்ட நோய்களை உண்டாக்குவதால் இவற்றைத் தவிர்த்தல் வேண்டும். பிரித்தானியாவில் கல்நார்ப் பயன்பாடு 1999 ஆம் ஆண்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது.

கூட்டுப்பொருள் தகடு: நடுவில் எஃகுத் தகடும், இருபுறமும் கிராஃபைட்டு போன்ற கல்நாரற்ற பொருளும் கொண்டது. உருளைத் துளைகளைச் சுற்றி உலோக வளையம் அமைந்திருக்கும். மேற்பரப்பின் மிகச் சிறிய குறைகளை ஓரளவு ஈடுசெய்யும்.

தனிச் செம்புத் தகடு: பந்தய எஞ்சின்களில் பயன்படுகின்றது. மிகத் துல்லியமான தளங்களை வேண்டுவதால் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இது பொருத்தமன்று.

தெரிவு

ஏ வரிசை எஞ்சின்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும் அவற்றின் உருளை விட்டங்கள் வேறுபட்டவை.

• 803 கன செமீ - 58 மிமீ
• 848, 948 கன செமீ - 62.9 மிமீ
• 998, 1098 கன செமீ - 64.6 மிமீ
• 1275 கன செமீ - 70.6 மிமீ

பல ஆண்டுகளில் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கலாம். உருளைகள் கடைந்து பெரிதாக்கப்பட்டும் இருக்கலாம். ஆகவே வண்டியின் பெயரையோ ஆண்டையோ நம்பாது, எஞ்சின் எண்ணைப் பார்ப்பதும் உருளை விட்டத்தை அளப்பதும் தேவை. தகட்டின் துளை உருளையை விடச் சிறிதாக இருந்தால் அதன் விளிம்பு எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அவ்விளிம்பு செஞ்சூடேறி, தீப்பொறிக்கு முன்னரே எரிபொருளைப் பற்றவைக்கும். துளை மிகப் பெரிதாக இருந்தால் உருளைகளுக்கு இடையே அடைப்புக்கு எஞ்சும் பரப்புக் குறையும்.

தகட்டின் தடிப்பும் கருதத்தக்கது. 948 கன செமீ எஞ்சினின் ஓர் உருளையின் கொள்ளளவு 237 கன செமீ. அமுக்க விகிதம் 8.3 எனின், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது எஞ்சும் இடம் ஏறத்தாழ 32.5 கன செமீ ஆகும். துளை 65 மிமீ விட்டமுள்ள தகடு 0.25 மிமீ மெலிந்தால் இவ்விடம் 0.8 கன செமீ குறைந்து, விகிதம் ஏறத்தாழ 8.5 ஆக உயரும். முன்னரே பலமுறை சீவப்பட்ட ஹெட்டுடன் மெல்லிய தகட்டையும் சேர்த்தால், எரிபொருள் வெடித்தெரியும் இடிப்புத் தோன்றிப் பிஸ்டனுக்குத் தீங்கு நேரலாம்.

ஹெட்டைக் கழற்றுதல்

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த பின்னரே வேலை தொடங்கப்படும். மின்கலம் துண்டிக்கப்பட்டு, ரேடியேட்டரிலிருந்தும் பிளாக்கிலிருந்தும் நீர் வடிக்கப்படும். இவ்வெஞ்சினில் ராக்கர் தண்டைத் தாங்கும் நான்கு தாங்கிகளும் ஹெட் நட்டுகளாலேயே பிடிக்கப்பட்டுள்ளன. எனவே ராக்கரை மட்டும் கழற்ற முனைந்தாலும் ஹெட்டின் பிடிப்புத் தளரும். நீர் வடிக்காதிருந்தால் அது எண்ணெயில் இறங்கும்.

நட்டுகள் ஒரே முறையில் அவிழ்க்கப்படாமல், சிறிது சிறிதாக, வரிசைப்படி தளர்த்தப்படும். எட்டுத் தள்ளுதண்டுகளும் சற்றுத் திருகி உயர்த்தப்பட வேண்டும். இல்லாவிடில் எண்ணெயின் ஒட்டலால் கீழுள்ள டாப்பெட்டும் உடன் எழும்பிவிடும். துளையிட்ட அட்டையில் அவற்றை வரிசையாகச் செருகி வைத்தால் ஒவ்வொன்றும் தன் இடத்துக்கே திரும்பும். ஒட்டிக்கொண்ட ஹெட்டைத் திருப்புளியால் நெம்புதல் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளை மீண்டும் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால், உருளையின் அமுக்கமே ஹெட்டைத் தளர்த்தும்.

பழைய தகடு கல்நார் கொண்டதாக இருக்கலாம் என்பதால் அதை உலர்ந்த நிலையில் தேய்த்தலோ கம்பித் தூரிகைச் சக்கரத்தால் துடைத்தலோ ஆகாது. நனைத்து மெதுவாகச் சுரண்டி, எச்சங்களைப் பையில் இட்டு மூட வேண்டும்.

தளங்களைச் சரிபார்த்தல்

நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் நீளவாக்கிலும், குறுக்கிலும், மூலைவிட்டத்திலும் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளி அளக்கப்படும். இடைவெளி ஏறத்தாழ 0.05 மிமீ அளவைக் கடந்தால், பட்டறைகளில் ஃபேசிங் எனப்படும் தளம் சீவுதல் தேவைப்படலாம். சீவிய உலோகம் மீண்டும் வராது. ஆகவே தேவையான குறைந்த அளவே நீக்கப்பட வேண்டும். வால்வு இருக்கைகளுக்கு இடையே விரிசல் உள்ளதா என்பதும் இப்போதே பார்க்கப்படும்.

பிளாக்கின் தளமும் அளக்கப்பட வேண்டும். பல ஆண்டு இழுவிசையால் ஸ்டட் துளைகளைச் சுற்றி உலோகம் சற்று மேலெழுந்திருக்கும். இம்மேடுகள் ஹெட்டைத் தாங்கிக்கொள்வதால் தகடு சீராக அமுங்காது. ஸ்டட்டுகளைக் கழற்றித் துளை விளிம்பை இலேசாகச் சரித்துவிடுவது இதற்குத் தீர்வாகும். துளைக்குள் தங்கிய நீரும் எண்ணெயும் அகற்றப்படாவிடின், ஸ்டட் இறங்கும்போது எழும் நீர்ம அமுக்கம் பிளாக்கையே பிளக்கக்கூடும்.

ஹெட்டின் முன்புறத்துக்கும் நீர்ப்பம்புக்கும் இடையிலுள்ள குறுகிய பக்கவழிக் குழாயை மாற்ற இதுவே ஏற்ற தருணம். ஹெட் தன் இடத்தில் இருக்கும்போது அதை நுழைப்பது கடினம்.

பொருத்துதல்

தகட்டில் மேற்புறத்தையும் முன்புறத்தையும் காட்டும் 'டாப்', 'ஃபிரண்ட்' என்னும் குறிகள் காணப்படும். மாற்றி வைத்தால் நீர்வழிகளோ, ராக்கருக்கு எண்ணெய் ஏறும் துளையோ அடைபடும். தயாரிப்பாளர் வேறாகக் கூறாதவிடத்து, ஒட்டுப்பசை எதுவும் பூசாது, உலர்ந்த சுத்தமான தளத்தில் தகடு வைக்கப்படும்.

தகட்டை அமுக்கி வைப்பது ஸ்டட்டுகளின் இழுவிசையே. துருப்பிடித்த மரையில் முறுக்கு விசையின் பெரும்பகுதி உராய்வில் செலவாகி, கருவி சரியான அளவைக் காட்டினாலும் இழுவிசை குறைவாகவே இருக்கும். எனவே மரைகள் தூய்மையாக்கப்பட்டு, இலேசாக எண்ணெய் இடப்பட வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி வெளிநோக்கிச் செல்லும் வரிசையில், 20, 30, 40 பவுண்டு-அடி எனப் படிப்படியாக டார்க் ரெஞ்சால் நட்டுகள் இறுக்கப்படும். 40 பவுண்டு-அடி என்பது ஏறத்தாழ 54 நியூட்டன் மீட்டர் ஆகும். பிற்கால ஏ-பிளஸ் எஞ்சின்களில் '22' எனப் பொறித்த ஸ்டட்டுகளுக்கு 50 பவுண்டு-அடி குறிக்கப்பட்டுள்ளது. இவ்வளவைப் பழைய ஸ்டட்டுகளுக்குப் பயன்படுத்துதல் ஆகாது.

பின்னர் வால்வு இடைவெளி, குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலமாக, அதாவது 0.30 மிமீ அளவில் அமைக்கப்படும். இதற்கு ஒன்பதின் விதி உதவுகின்றது: 8 ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1 ஆம் வால்வும், 6 ஆம் வால்வு திறந்திருக்கும்போது 3 ஆம் வால்வும் சரிசெய்யப்படும். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 9 ஆகும்.

மீள் இறுக்கம்

செம்பு வகைத் தகடுகள் முதற்சூட்டில் சற்று அமுங்குவதால் ஸ்டட்டுகளின் இழுவிசை குறையும். எஞ்சின் ஒருமுறை சூடேறிக் குளிர்ந்தபின், நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி, உடனே குறித்த அளவுக்கு இறுக்குவது வழக்கம். மீள் இறுக்கத்துக்குப் பின் வால்வு இடைவெளி மாறியிருக்கும் என்பதால் அதுவும் மீண்டும் அளக்கப்படும். தற்காலக் கூட்டுப்பொருள் தகடுகளுள் சில மீள் இறுக்கம் வேண்டாதவை. ஆகவே தகட்டுடன் வரும் குறிப்பையே பின்பற்ற வேண்டும்.

எண்ணெயில் நீர் கலந்திருந்தால், எண்ணெயும் வடிகட்டியும் எஞ்சினை இயக்குமுன் மாற்றப்பட்டு, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் ஒருமுறை மாற்றப்படுவது பேரிங்குகளைக் காக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

• உள் எரி பொறி
• மொரிஸ் மைனர்
• முறுக்கு விசை
• கல்நார்