தோளும் சுரையும்: துவக்குக் குழலை இணைக்கும் இரு முறைகள்

இரு பொருள்களை ஒன்றோடொன்று பொருத்துதல் ஒருவாறு எளிது. பொருத்திய பின் அவை தத்தமக்குரிய இடத்தில் அசையாது நிற்குமாறு செய்தலே அரிது. தச்சனும் கொல்லனும் கப்பல் கட்டுவோனும் காலந்தோறும் விடை தேடி வந்த வினா இது. மரத்தின் முனையைச் செதுக்கி முளையாக்கி, மற்றொரு மரத்தின் துளையிற் செலுத்தும் தச்சன், முளையின் அடியில் ஒரு படியை விட்டுவைக்கின்றான். முளை எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதை அந்தப் படியே வரையறுக்கின்றது. அதனைத் தோள் என்பர். பாய்க்கப்பலிலோ வேறொரு முறையைக் காண்கின்றோம். பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கயிறுகள், வேண்டியபோது இழுத்து இறுக்கத் தக்கனவாக அமைக்கப்படுகின்றன. முன்னையதில் அளவு ஒருமுறை வெட்டப்பட்டு முடிந்துவிடுகின்றது. பின்னையதில் அளவு திருத்தத் தக்கதாக விடப்படுகின்றது.

இவ்விரு நெறிகளும் ஒரே கருவியில் எதிரெதிர் நின்றமையை, கையால் தண்டை இழுத்து இயக்கும் றைபிள் துவக்கின் அமைப்பிற் காணலாம். நெடும்போரின் துயரை நேரிற் கண்ட வல்வெட்டித்துறையிலிருந்து எழுதுமிடத்துத் துவக்கு என்ற சொல் கசப்பான நினைவுகளை எழுப்புதல் இயல்பே. அக்கருவியின் பயனையோ பழியையோ ஆராய்தல் ஈண்டு நோக்கமன்று. அளவு, பொறுத்தம், பாதுகாப்பு என்னும் மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை விளக்க இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிதாகலின், பொறியியல் நோக்குடன் மட்டுமே இதனை எடுத்துக்கொள்வோம்.

முதற்கண் உறுப்புகளை அறிதல் வேண்டும். குண்டு செல்லும் வழி குழல். குழலின் பின்முனையில், தோட்டா அமரும்படி சற்று அகலமாகக் குடையப்பட்ட பகுதி அறை. குழலின் பின்முனை ஓர் உருக்குக் கூட்டினுள் புரிகளால் முறுக்கிச் செலுத்தப்படும். அக்கூட்டினுள் முன்னும் பின்னும் இயங்கித் தோட்டாவை அறையினுள் தள்ளி, பின்புறத்தை அடைத்து நிற்பது பூட்டுத்தண்டு. தண்டிலுள்ள புடைப்புகள் கூட்டின் வெட்டுகளில் மாட்டிக்கொள்வதால், வெடிக்கும்போது தண்டு பின்னோக்கி எறியப்படாது தாங்கப்படுகின்றது.

இனி, இக்கட்டுரைக்கு உயிர்நிலையான அளவு ஒன்றுண்டு. தண்டு பூட்டப்பட்ட நிலையில், அதன் முகத்துக்கும் அறையிலே தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரமே அது. அதனைத் தலைவெளி எனலாம். தலைவெளி குறைந்தால் தண்டு மூடாது. அதனால் வேலை கெடுமேயன்றி ஆபத்து அதிகமில்லை. தலைவெளி மிகுந்தால் நிலைமை வேறு. சதுர அங்குலத்துக்கு 40,000 இறாத்தலுக்கு மேற்பட்ட அழுத்தம் எழும் கணத்தில், மெல்லிய பித்தளைக் கோது முன்பகுதி அறையின் சுவரைப் பற்றிக்கொள்ள, பின்பகுதி வெற்றிடத்தை நோக்கி இழுபடும். இழுபட்ட பித்தளை அறுந்தால், கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தையும் கண்ணையும் நோக்கிப் பாயும். ·303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. அவ்வகைத் துவக்கில் தலைவெளி அவ்விளிம்பு அமரும் இடத்திலிருந்து அளக்கப்படும். பிரித்தானியப் படைக்கல முறையில் அது 0·064 அங்குலத்துக்குக் குறையவும் 0·074 அங்குலத்தை மிஞ்சவும் கூடாது. அங்குலத்தில் நூறில் ஒரு பங்கே அனுமதிக்கப்பட்ட இடைவெளி. இந்நுண்ணிய அளவை யார், எதனால், எப்பொழுது நிலைநிறுத்துகின்றார் என்பதே தோளுக்கும் சுரைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் சாரம்.

தோள் முறையை முதலிற் காண்போம். இதில் குழலின் புரி முடியும் இடத்தில் குழல் சட்டென்று தடித்து ஒரு படியாகின்றது. குழலை முறுக்கிச் செலுத்துங்கால் அப்படி கூட்டின் முகத்தில் முட்டும். அதற்குமேல் வலிந்து இறுக்கப்படும். குழல் எங்கே நிற்கும் என்பது கடைசற் பொறியில் தோள் வெட்டப்பட்டபோதே முடிவாகிவிட்டது. ஆகவே தலைவெளியைச் சரிசெய்ய வேண்டுமாயின், தோளைச் சிறிது கடைந்தெடுக்க வேண்டும். அல்லது அறையைச் சிறிது ஆழமாகக் குடைய வேண்டும்.

நம் நாட்டார் நன்கறிந்த லீ–என்பீல்ட் துவக்கு இம்முறையைச் சார்ந்தது. ஸ்கொத்லாந்திற் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த தண்டமைப்பைக் கொண்டு, 1895இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட இத்துவக்கு, பல திருத்தங்களுடன் இரு உலகப் போர்களிலும் வழங்கியது. இலங்கைத் தன்னார்வப் படையினரும், 1949இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தரைப்படையினரும் தொடக்கத்திற் கையாண்டதும் இதுவே. வங்காளத்திலுள்ள இஷாப்பூர் றைபிள் தொழிற்சாலை இதனைப் பெருந்தொகையாகச் செய்தது. 1960களில், விளிம்பற்ற 7·62 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு ஏற்றவாறு இதே அமைப்பை மாற்றியும் செய்தது.

லீ–என்பீல்டில் ஒரு சிக்கல் எழுகின்றது. அதன் குழலின் மேல் ஒரு தட்டைப் பகுதியும், முனையில் முன்குறியும் உள்ளன. குழல் இறுக்கப்பட்டு நிற்கும்போது அவை நேர் மேலே நோக்க வேண்டும். அதன் புரியோ அங்குலத்துக்கு 14. ஆகவே ஒரு முழுச்சுற்றில் குழல் நகரும் தூரம் ஏறத்தாழ 0·071 அங்குலம். தலைவெளியை 0·003 அங்குலம் மாற்றுவதற்காகத் தோளைக் கடைந்து குழலை மேலும் முறுக்கினால், குழல் ஏறத்தாழ 15 பாகை சுழன்று முன்குறி பக்கமாகச் சாய்ந்துவிடும். குழலைத் திருப்ப இயலாதெனின் வேறெதனைத் திருத்துவது? தண்டின் தலையையே மாற்றத் தக்கதாக அமைத்தமையே இதற்குக் கண்ட விடையாம். நாலாம் இலக்கத் துவக்கில் 0 முதல் 3 வரை இலக்கமிட்ட நால்வகைத் தண்டுத்தலைகள் இருந்தன. ஒவ்வொன்றும் முன்னதைவிட ஏறத்தாழ 0·003 அங்குலம் நீளமானது. தேய்ந்த துவக்குக்குப் படைக்கலக் கம்மியர் நீண்ட தலையைத் தெரிந்து பூட்டுவர். தோள் அசையாது நிற்க, திருத்தம் வேறோரிடத்துக்கு மாற்றப்பட்டது என்க.

ஜேர்மனியரான பவுல் மவுசர் 1898இல் வகுத்த அமைப்பு, தோள் முறையின் மற்றொரு வடிவம். அதிற் கூட்டின் உட்புறத்தில் ஒரு வளையம் உண்டு. குழலின் பின்முகம் சென்று அவ்வளையத்தில் முட்டி நிற்கும். முட்டும் இடம் வெளியிலிருந்து உள்ளே சென்றதேயன்றிக் கொள்கை மாறவில்லை.

இனிச் சுரை முறை. பட்டறைகளில் நட்டு என வழங்குவதையே சுரை என்கின்றோம். இம்முறையிற் குழலுக்குத் தோள் இல்லை. புரி நீண்டு செல்லும். அப்புரியின்மேல் ஒரு வளையச் சுரை முதலில் ஏற்றப்படும். பின்னர் குழல் கூட்டினுள் முறுக்கப்படும். தோட்டாவின் வடிவில் மிக நுண்ணிதாகச் செய்யப்பட்ட உருக்கு அளவி ஒன்றை வைத்துத் தண்டை மூடி, அறை அந்த அளவியைத் தொடும்வரை குழலைத் திருப்புவர். தொட்டவுடன் குழலை அவ்விடத்தில் நிறுத்திச் சுரையைக் கூட்டை நோக்கி இறுக்குவர். பின்பு, சற்றே நீண்ட மற்றோர் அளவியை வைத்துத் தண்டு மூடாமையைக் கண்டு உறுதிசெய்வர். கடைசற் பொறி தீர்மானித்த அளவை இங்கே அளவியும் சுரையும் தீர்மானிக்கின்றன.

இம்முறையைப் பெருவழக்காக்கியது அமெரிக்காவின் சவேஜ் நிறுவனம். நிக்கலஸ் புருவர் வகுத்த 110 ஆம் மாதிரித் துவக்கு 1958இல் வெளிவந்தது. இதே நிறுவனம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், மசாசூசெற்ஸ் மாநிலத்துச் சிக்கப்பீ போல்ஸ் என்னும் ஊரில், பிரித்தானியாவுக்காகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட லீ–என்பீல்ட் துவக்குகளைச் செய்து கொடுத்தது. தோள் முறையை இத்துணைப் பெரிய அளவிற் கையாண்டவர்களே பின்னர் சுரை முறைக்குச் சென்றனர் என்பது கருதத் தக்கது. போர்க்காலத்தில் செலவை அரசு பொறுத்தது. அமைதிக் காலத்திலோ வாங்குவோன் பொறுத்தல் வேண்டும். சுரை முறையில், அறையை முன்கூட்டியே முழுமையாகக் குடைந்து வைக்கலாம். கூடுகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் இருப்பினும் பொருத்தும்போது அவை மறைந்துவிடும். எனவே விலை குறைந்தது. 1988இல் அந்நிறுவனம் கடன்சுமையால் நொடித்தபோது, மற்றைத் துவக்குகளைக் கைவிட்டு இந்த ஒரு மாதிரியையே பற்றி மீண்டெழுந்தது.

அக்குழலின் புரி அங்குலத்துக்கு 20. ஆகவே ஒரு சுற்றுக்கு 0·05 அங்குலம். 0·001 அங்குலத்துக்கு 7 பாகையிலும் சற்று அதிகம். ஆயிரத்தில் ஓர் அங்குலத்தைக் கண்ணாற் காண இயலாது. 7 பாகைத் திருப்பத்தைக் கையாலேயே உணரலாம். புரியானது காணவியலாத நீளத்தைக் காணத்தக்க கோணமாக மாற்றுகின்றது. ஆய்வுகூடத்தில் மாணவர் கையாளும் திருகுக் கணிச்சியும் இதே கொள்கையில் அமைந்ததே.

தோள் வலிமையானது, சுரை வலிமை குன்றியது என்று கூறுவாருளர். இது ஆராய்ந்து கொள்ளத் தக்கது. தோள் கூட்டின் முகத்தை அழுத்தும்போது குழலின் புரிகள் கூட்டின் புரிகளோடு முன்னோக்கி இழுக்கப்பட்டு நெருங்குகின்றன. அவ்விழுவிசையே இணைப்பை அசையாது வைத்திருக்கின்றது. சுரையை இறுக்கும்போதும் நிகழ்வது இதுவே. சுரை என்பது நகர்த்தத் தக்க தோள் அன்றி வேறில்லை. பின்னுதைப்பைத் தாங்கும் உருக்குத் தகடு, சவேஜ் துவக்கில் சுரைக்கும் கூட்டுக்கும் நடுவிலும், 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 துவக்கில் தோளுக்கும் கூட்டுக்கும் நடுவிலும் இறுக்கி வைக்கப்பட்டிருத்தல் இவ்வொப்புமையைத் தெளிவாக்கும். இரண்டிலும் முகங்கள் குழலின் அச்சுக்கு நேர்செங்குத்தாக இருத்தலே முதன்மையானது. அது பிழைத்தால் எம்முறையும் குறி தவறும்.

எனினும் சுரைக்குக் குறைகள் இல்லாமலில்லை. அதன் வளையம் குழலின் அழகைச் சிறிது கெடுக்கின்றது. சுரை குழலின்மேல் ஏறவேண்டுமாதலின் குழலின் தடிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. குழலின் மேலேயே குறிகள் இருப்பின், அவற்றை நேராக நிறுத்துதல் என்னும் கட்டுப்பாடு சுரை முறைக்கும் உண்டு. தொலைநோக்கி கூட்டின்மேல் பொருத்தப்படும்போதே அக்கவலை நீங்கும். இவையாவற்றினும் பெரிது, திருத்த இடமுண்டு என்பதே தவறாகத் திருத்தவும் இடமுண்டு என்பதாகும். அளவியின்றிக் கண்மதிப்பாற் சுரையை இறுக்குவோன், தோள் முறையில் அரிதாக நேரும் ஆபத்தைத் தன் கையாலேயே வருவித்துக்கொள்கின்றான்.

அண்மைக் காலத்தில் மற்றுமொரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. கணினியால் இயங்கும் கடைசற் பொறிகள், ஒரே தொகுதியைச் சேர்ந்த கூடுகளை வேறுபாடு இன்றி ஆக்கும் நுண்மையை அடைந்துள்ளன. ஆதலின், முன்கூட்டியே தோள் வெட்டப்பட்ட குழலை வாங்கி அப்படியே முறுக்கிப் பொருத்தும் வழக்கம் பரவுகின்றது. சுரை எந்தக் குறையை நிறைவு செய்ய வந்ததோ அக்குறை தீருமிடத்துத் தோள் மீண்டும் தலையெடுக்கின்றது. ஆயினும் எம்முறையில் இணைத்தாலும் அளவியால் ஒருமுறை சோதித்தல் தவிர்க்கவொண்ணாதது.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? ஒரு தொழிலின் திறன் மூன்று இடங்களில் உறையலாம்: கைவினைஞனின் கையில், பொறியின் நுண்மையில், அமைப்பின் அறிவில். தனியொரு கம்மியன் தோளைக் கடைந்து பொருத்துமிடத்துத் திறன் கையில் இருந்தது. சுரையில் அது அமைப்புக்குச் சென்றது. இன்று பொறிக்குச் செல்கின்றது. வல்வெட்டித்துறைக்கு இது அயலான செய்தியன்று. இவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பெற்று, புளோரன்ஸ் சி. ரொபின்சன் எனப் பெயர் மாற்றப்பட்டு, இவ்வூர் மாலுமிகளாற் செலுத்தப்பெற்று, 1938இல் அதே மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. உலகின் மறுகரை வரை சென்ற அக்கப்பலைக் கட்டிய திறன் கைகளில் உறைந்த திறன். கையில் மட்டும் உறையும் திறன், கற்பார் இல்லாவிடத்துக் கையோடு மறையும். அளவியாகவும் வரைபடமாகவும் எழுத்தாகவும் மாற்றி வைக்கப்பட்ட திறனோ தலைமுறை கடந்து நிற்கும். எஞ்சியிருக்கும் கைத்தொழில்களின் அளவுகளையேனும் நம் மாணவர் இன்றே அளந்து எழுதி வைப்பாராயின், அது கல்விக்கும் ஊருக்கும் ஒருங்கே செய்யும் பணியாகும்.