வெற்றுப் போத்தலிலிருந்து நூலிழை வரை

2019ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டிகளில் எமது நாட்டு அணியினர் அணிந்த சீருடை, கரையோரங்களில் ஒதுங்கிய பிளாஸ்டிக் கழிவுகளைக் கொண்டு தயாரிக்கப்பட்டதாகும். அணியின் ஆட்டத்தைப் பற்றி இங்கு எதுவும் கூற நாம் முற்படவில்லை. ஆயின், வீசியெறிந்த போத்தல் எவ்வாறு ஆடையாகின்றது, அதனால் கழிவுப் பிரச்சினை எவ்வளவு தூரம் தீர்கின்றது ஆகிய இரு கேள்விகளும் ஆராயப்பட வேண்டியவை.

குளிர்பானப் போத்தலும் பொலியஸ்டர் துணியும் இரசாயன ரீதியில் ஒரே பொருளே. 1941இல் பிரித்தானிய இரசாயனவியலாளர்களான வின்ஃபீல்ட், டிக்சன் ஆகிய இருவரும் இதனை நூலிழையாகவே உருவாக்கினர், போத்தலானது 1970களிலேதான். எனவே போத்தல் நூலாவது, அது தன் பிறந்தகம் திரும்புவதைப் போன்றதே.

இம்மாற்றம் எளிதானதன்று. சேகரிக்கப்படும் போத்தல்கள் முதலில் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டுச் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகின்றன. பின்னர் எரிசோடா கலந்த வெந்நீரில் கழுவப்படும்போது லேபிளின் பசை நீங்குகின்றது. மூடியின் பிளாஸ்டிக் நீரில் மிதக்க, போத்தலின் துண்டுகள் அமிழ்ந்துவிடுவதால் இரண்டையும் பிரித்தெடுப்பது இலகுவாகின்றது. அடுத்துவரும் உலர்த்தலே மிகுந்த கவனத்தை வேண்டுவது. துண்டுகளில் சிறிதளவு ஈரம் எஞ்சினும், சுமார் 260 பாகை செல்சியஸில் உருகும்போது மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுந்து, நூல் வலுவிழந்துவிடும். பி.வி.சி. பிளாஸ்டிக் சிறிது கலந்தாலும் முழுத் தொகுதியும் நிறம் மாறிக் கெட்டுப்போகலாம். இவற்றையெல்லாம் கடந்த உருகலே நுண்துளைகளினூடாகச் செலுத்தப்பட்டு இழையாகின்றது. அதனைத் தொடரிழையாகவே நூலாக்கலாம். குறுகிய இழைகளாக வெட்டிப் பருத்தியுடன் கலந்தும் நூற்கலாம்.

ஹொரணையில் இயங்கும் ஈக்கோ ஸ்பின்டில்ஸ் நிறுவனம் உள்நாட்டில் சேரும் போத்தல்களிலிருந்து இத்தகைய நூலை உற்பத்தி செய்து வருகின்றது. ஆடை ஏற்றுமதியைப் பெரிதும் நம்பியிருக்கும் எமது நாட்டுக்கு இது முக்கியமானதே. மேலைநாட்டுக் கொள்வனவாளர்கள் இன்று நூலின் தோற்றுவாய்க்கும் அத்தாட்சி கேட்கின்றனர்.

எனினும், "பசுமை ஆடை" என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்பதற்கு நாம் தயாரில்லை. 2023இல் உலக நூலிழை உற்பத்தியில் சுமார் 57 சதவீதம் பொலியஸ்டராக இருந்தது. அந்தப் பொலியஸ்டரில் மீள்சுழற்சி செய்யப்பட்டது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு மாத்திரமே. அதுவும் பழைய ஆடைகளிலிருந்தன்றி, அநேகமாக முழுவதும் போத்தல்களிலிருந்தே பெறப்பட்டது. போத்தலை மீண்டும் போத்தலாக்கினால் அது பலமுறை சுழலக்கூடும். பருத்தியுடன் கலந்து சாயமேற்றிய துணியைப் பிரித்தெடுப்பதோ இன்றும் செலவு மிகுந்த காரியம். அத்துணி பெரும்பாலும் குப்பைமேட்டையே சென்றடைகின்றது. சலவையின்போது கழன்று நீர்நிலைகளிற் கலக்கும் நுண்ணிழைகளைப் பொறுத்தவரை, புதிய பொலியஸ்டருக்கிருக்கும் குறை இதற்கும் உண்டு.

இத்தொழில் மசகு எண்ணெய் விலையுடனும் பிணைந்துள்ளது. எண்ணெய் விலை வீழ்ச்சியுறும்போது புதிய பொலியஸ்டர் மலிவடைகின்றது. மீள்சுழற்சி நூலுக்கான கேள்வி தளர்கின்றது. அவ்வேளைகளில் முதலில் குறைக்கப்படுவது, தெருத்தெருவாகப் போத்தல் சேகரிப்பவருக்கு ஒரு கிலோவுக்குக் கொடுக்கப்படும் விலையாகும்.